ஃபேன் மட்டும் சுத்துது

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில் என் எதிரே ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். கணவர் மடியில், துண்டு சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி.

"நம்ம பிள்ளையக்கூட நீங்க இப்படி மடியில வச்சுக்கிட்டதில்ல," என்றார் மனைவி. அதில்தான் என் காது அந்தப் பக்கம் திரும்பியது.

"பார்ட்ஸ் வாங்கி நானே எல்லாம் சரியாத்தான் மாட்டினேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது. ஸ்கிரீன்லதான் ஒண்ணும் வரல."

"ஃபேன் வேணும்னா பாசார் கடையில வாங்கியிருப்பேன்லா. நாளைக்கு எனக்கு ஆன்லைன் டியூஷன் இருக்கு. உங்கள நம்பி பழைய லேப்டாப்பத் தங்கச்சிக்குக் கொடுத்துட்டேன்."

"அதான் பிரிக்ஃபீல்ட்ஸ் கம்ப்யூட்டர் கடையில காட்டப் போறோமே. வீடியோவப் பார்த்து அப்படியேதான் செஞ்சேன்."

"அந்த வீடியோவக் காட்டுங்க."

பாடாங் ஜாவா ஸ்டேஷன் தாண்டும்வரை மனைவி கணவரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடியோவை நிறுத்தினார்.

"பிராசசர் பக்கத்துல தனியா ஒரு வயர் சொருகுறான். அதச் சொருகினீங்களா?"

"அப்படி ஒண்ணும் வரலையே."

"எப்படி வராம போகும்?"

"நடுவுல விளம்பரம் மாதிரி இருந்துச்சு. கொஞ்சம் தள்ளி ஓட்டிவிட்டேன்."

சொல்லிக்கொண்டே அவர் துண்டை விலக்கினார். பெட்டியின் கண்ணாடி வழியே, எதிலும் சேராமல் தொங்கிய வயர் ஒன்று தெரிந்தது.

ஷா ஆலம் ஸ்டேஷனில் கதவு திறந்ததும் மனைவி எழுந்தார்.

"இறங்குங்க, வீட்டுக்கே போவோம். இதக் கடையில கொண்டுபோய்க் காட்ட எனக்கு வெக்கமா இருக்கு."