வழுக்கைத் தலையன் வாங்கிய சீப்பு

எனக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது, தாரோகா பாபு. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டில் சீப்பு என்ற பொருளே கிடையாது. அதனால்தான் உங்கள் போலீஸ் ஸ்டேஷன் மேசைமேல் கிடக்கும் அந்தச் சிவப்புச் சீப்பைப் பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. தனியாளான பிறகு நான் வாங்கிய ஒரே சீப்பு அது. பல் ஒன்றுகூட உடையவில்லை. நல்ல சரக்கு.

பொரியும் டீயும் கொடுத்து மரியாதையாகக் கேட்கிறீர்கள். மரியாதையாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள். பெயர் பஞ்சானன் மிர்தா. வயது எழுபத்திரண்டு. தொழில், புலியின் வாயைக் கட்டுவது. இப்போது ஓய்வு.

உங்கள் எழுத்தர் சிரிக்கிறார். அவர் நகரத்து ஆள், சிரிக்கட்டும். முப்பத்தொன்பது வருடம் இந்தத் தீவின் ஆண்கள் நான் வாய்க்கட்டு மந்திரம் சொல்லாமல் தேன் எடுக்கக் காட்டில் கால் வைத்ததில்லை. நான் தொண்டையைச் செருமினாலே புலிகள் இரண்டு தீவு தள்ளி நீந்திப் போய் வயிற்றுப்போக்கில் படுத்துவிடும் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான். பத்து வருடம் போனதும் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஆண்கள் காட்டில் இருக்கும் நாட்களில் வீட்டில் மனைவிகளுக்கு விதிகள் உண்டு. தலைக்கு எண்ணெய் கூடாது, சீவக்கூடாது, குங்குமம் கூடாது. புருஷன் இருக்கும்போதே அறுத்தவள் வேஷம் போட்டுவிட்டால், எமன் வாசல்வரை வந்து, 'ஓகோ, இங்கே வேலை முடிந்துவிட்டது' என்று திரும்பிவிடுவானாம். என் தாத்தா காலத்தில் ஐந்து விதி. நான் ஓய்வு பெறும்போது பதினாறு. மிளகாய் வறுக்கக்கூடாது என்பது நான் சேர்த்தது. எனக்குத் தும்மல் வரும். வாசலில் நின்று சிரிக்கக்கூடாது என்பதும் நான் சேர்த்ததுதான். நான் தெருவில் போகும்போது பெண்கள் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஏன் என்று ஒருத்தியும் கேட்டதில்லை. விதி ஏற ஏற ஊருக்கு நிம்மதியும் ஏறியது.

போன வருடம் ஒரு டாக்டர் பள்ளிக்கூடத்துக்கு வந்து மூளைப் படம் காட்டினார். பயம் பாதாம்பருப்பு அளவுள்ள ஒரு இடத்திலிருந்து புறப்படுகிறதாம். பாவம், நிறையப் படித்துவிட்டு ஒரு பருப்பில் வந்து நிற்கிறார். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். புலி அடிக்கும் என்பதை எந்த மனிதனும் தாங்கிக்கொள்வான். அது சும்மா அடிக்கும் என்பதைத்தான் தாங்கமாட்டான். 'புலிக்குப் பசித்தது, கிட்டத்தில் இவன் நின்றான்' என்று சொல்லிப் பாருங்கள், ஒரு வீட்டிலும் சோறு இறங்காது. 'அவன் பெண்டாட்டி தலை சீவினாள்' என்று சொல்லுங்கள். நாற்பது வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுத் தூங்கப் போவார்கள்.

பதினோரு வருடத்துக்கு முந்தைய சித்திரையில் ஏழு பேர் புறப்பட்டோம். அதில் ஷெபாலியின் புருஷன் நிதாய் கயேன் தலைக்குப் பின்னால் ஒரு ரப்பர் முகமூடியைக் கட்டிக்கொண்டு படகில் ஏறினான்.

"இது என்னடா, இன்னொரு மூஞ்சி?" என்றேன்.

"ஷெபாலி வாங்கினா, மாமா. மீசைகூட அவளே மையால வரைஞ்சா. புலி முதுகைப் பாத்துத்தான் பாயுமாம். பின்னாடியும் ஒரு மூஞ்சி இருந்தா குழம்பிப் போயிடுமாம்."

சுபல் பாருய் என்று ஒருத்தன், வாய் சும்மா இருக்காது. "முன்னாடி இருக்கிறதைவிட இது லட்சணமா இருக்கே. கல்யாணத்தன்னிக்கே இதைத் திருப்பி மாட்டியிருக்கலாம்ல?" என்றான். படகே ஆடும்படி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு சுபல், "டேய், அடுத்த வருஷம் எனக்கும் ஒண்ணு வாங்கியாரச் சொல்லுடா" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் சிரிப்பதை நிறுத்தினேன். அடுத்த வருடம் ஆறு முகமூடி. அதற்கடுத்த வருடம் படகில் எனக்கு என்ன வேலை?

"அப்ப ரப்பரையே முன்னாடி நடக்கச் சொல்லுங்க. நான் கரையில உக்காந்து நண்டு பிடிக்கிறேன்" என்றேன்.

நிதாய் நல்ல பையன். முகம் சுருங்கிப்போய் உடனே கழற்றிவிட்டான். "கோவிச்சுக்காதீங்க மாமா. அவ மனசுக்காகத்தான் போட்டேன். இந்தாங்க, உங்க பையிலேயே இருக்கட்டும். அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என்னைக் கொன்னே போட்டுடுவா."

சொல்லவில்லை. கொடுத்த வாக்கு.

மூன்றாம் நாள் காலை வரிசையாகக் காட்டுக்குள் போனோம். வழக்கமாக நான் முதலில் போவேன். அன்று கடைசியில் வந்தேன். பின்னாலிருந்து சொன்னால் கட்டு இன்னும் இறுகும் என்றேன். எனக்கு முன்னால் நிதாய். மந்திரத்தில் ஒரு எழுத்துக்கூட நான் விடவில்லை. புலி பக்கவாட்டுப் புதரிலிருந்து வந்து நிதாயைக் கொண்டுபோனது. ஊருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

படகில் திரும்பும்போது பாதி வழியில் சுபல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "கடைசில நின்ன உங்களை விட்டுட்டு அவனை ஏன் மாமா புடிச்சுது?"

நல்ல கேள்வி. இந்த மாதிரிக் கேள்விக்குச் சீக்கிரம் ஒரு பதில் பண்ணிப் போடாவிட்டால் அது ஊர் முழுக்க வீடுவீடாக நடக்க ஆரம்பித்துவிடும். வழியில் ஒரு சந்தைத்துறையில் தண்ணீர் பிடிக்க நிறுத்தினார்கள். முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று இறங்கி அந்தச் சீப்பை வாங்கினேன். கடைக்காரன் என் தலையைப் பார்த்தான்.

"பெரியவரே, இதை வச்சு எதைச் சீவப் போறீங்க?"

"மருமகளுக்குப்பா."

"அப்ப சரி. நான்கூட சும்மா காத்தைச் சீவப் போறீங்களோன்னு நெனச்சேன்."

எனக்குப் பிள்ளையே கிடையாது. இருந்தாலும் நல்ல நகைச்சுவைக்கு நான் சிரித்துவிடுவேன். அதுதான் தப்பாகப் போயிற்று. நானும் நின்று நாலு வார்த்தை பேசிச் சிரித்திருக்கக்கூடாது.

ஊருக்கு வந்ததும் முதலில் நான்தான் ஷெபாலி வீட்டுக்குப் போக வேண்டும், அது முறை. மடியில் குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாக எண்ணெய் காணாத தலை, தேங்காய் நார் மாதிரி நின்றது. பதினாறு விதியையும் சுத்தமாகக் கடைப்பிடித்திருந்தாள், அதை நான் மறுக்கவே மாட்டேன். அங்கிருந்தே துறை தெரியும்; எங்கள் படகிலிருந்து இறங்கியவர்களை அவள் கண் எண்ணியது. ஆறோடு நின்றது. பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தபோது நான் உள்ளே போய், சீப்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பாய்க்கு அடியில் வைத்தேன்.

சுபலின் மனைவிதான் பாயை உதறினாள்.

"அடிப்பாவி, சீவினியாடி?"

"ஐயோ, இது என்னுது இல்லக்கா. என் சீப்பு அதோ, துணியில சுத்திக் கூரையில சொருகியிருக்கு. வேணும்னா என் தலையைத் தொட்டுப் பாருங்கக்கா."

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கையை நீட்டினால் எட்டும் தூரம்தான். தொட்டால் உலர்ந்த தலை என்று தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் நாளை அவரவர் புருஷனுக்கு எது காவல்? அங்கே இருபது பெண்கள், நாற்பது கைகள், எல்லாம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றன. பயம் எப்படி இருக்கும் என்று யாராவது உங்களைக் கேட்டால், பருப்பைக் காட்டாதீர்கள். அந்தக் கைகளைச் சொல்லுங்கள்.

மூன்று நாளில் ஊரை விட்டு அனுப்பினார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. புருஷனைத் தின்றவள் என்று அவர்களே பேர் வைத்தார்கள். இடுப்பில் குழந்தை, கையில் இந்தச் சீப்பு. வேறு எதையும் எடுக்கவில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பதினோரு வருடம் வாரத்துக்கு ஒரு துறையாக, ஒவ்வொரு சந்தையிலும் இதைக் காட்டி 'இது யார் கடைச் சீப்பு' என்று கேட்டிருக்கிறாள். போன மாதம் ஒருவன் சிரித்தானாம். மறக்க முடியுமா, ஒரு வழுக்கைத் தலையன் வந்து பெண்பிள்ளைச் சீப்பு வாங்கினானே என்று. வெளியே பெஞ்சில் இருப்பது அவள்தானே. வரும்போது பார்த்தேன். தலைக்கு நன்றாக எண்ணெய் வைத்து, வகிடெடுத்துச் சீவியிருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது.

நான் ஊருக்குக் கெடுதல் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. எல்லோருக்கும் காரணம் ஒன்று தேவைப்பட்டது, கொடுத்தேன். அடுத்த சித்திரையில் ஒருவன் பாக்கியில்லாமல் தைரியமாகக் காட்டுக்கு வந்தார்கள். யாரும் முகமூடி கேட்கவில்லை.

முகமூடி எங்கே என்று கேட்கச் சொன்னாளா? கேட்பாள். கெட்டிக்காரி.

என் பையில்தான் இருந்தது, மூன்றாம் நாள் காலைவரை. அன்று நான் வரிசையின் கடைசிக்குப் போனது அதை யாரும் பார்க்காமல் மாட்டிக்கொள்ளத்தான். பயத்தால் என்று எழுதாதீர்கள். அந்த ரப்பருக்கு ஏதாவது சக்தி இருக்கிறதா என்று பரிசோதித்தேன், அவ்வளவுதான். இருந்தது. பின்னால் சருகு மிதிபடும் ஓசை கேட்டது. மந்திரத்தை நிறுத்தாமல் நின்றேன். திரும்பவில்லை, கத்தவில்லை. அது என் பின்மண்டையை, ஷெபாலி வரைந்த மீசையை, கொஞ்ச நேரம் பார்த்தது. மூச்சுச் சூடு கழுத்தில் பட்டது. பிறகு என்னைச் சுற்றிக்கொண்டு புதருக்குள் போய், எனக்கு முன்னால் வெறும் முதுகோடு போய்க்கொண்டிருந்தவனைத் தேர்ந்தெடுத்தது. "நிதாய்" என்று ஒரு குரல் கொடுக்க நேரம் இருந்தது. இரண்டு தடவைகூடக் கூப்பிட்டிருக்கலாம்.

இந்தாருங்கள் முகமூடி. வீட்டைச் சோதிக்க வேண்டாம், எப்போதும் இந்தத் துண்டுக்குள் பிடரியில்தான் இருக்கும், வயதானவனுக்குக் கழுத்தில் காற்றுப் பட்டால் சளி பிடிக்கும். மீசை அழிய அழிய நானே மை போட்டுவந்தேன். அவள் கை வராது, ஆனாலும் பரவாயில்லை. எழுதியதைப் படித்துக் காட்டவேண்டாம், கைநாட்டு வைத்துவிடுகிறேன். முப்பத்தொன்பது வருடம் காட்டில் எதற்கும் பயப்படாதவன் நான், உங்கள் கோர்ட்டுக்கா பயப்படப்போகிறேன்.

ஒன்றே ஒன்று, பாபு. நான் பேச ஆரம்பித்ததிலிருந்து எனக்குப் பின்னால் ஒரு காவலர் நிற்கிறார். அவரைக் கொஞ்சம் முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள். எனக்காக இல்லை. பாவம், அவருக்குக் கால் வலிக்கும்.