ஐம்பது வாட் அதிகம்

கம்ப்யூட்டர் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கேபினெட்டை வாங்காதீர்கள் என்பதுதான். தூசி பளிச்சென்று தெரியும், துடைத்து மாளாது. நான் அதைத்தான் வாங்கினேன் என்பது வேறு விஷயம். உள்ளே மூன்று விசிறிகள் நீல வெளிச்சத்தோடு சுற்றுவதைப் பார்க்காவிட்டால் என் ஜென்மம் சாபல்யம் ஆகாது என்று அப்போது தோன்றியது. வயது நாற்பத்தாறு. சட்டையின் நாலாவது பொத்தானைப் போட மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டிய உடம்பு. வீட்டில் உட்கார்ந்து கார் ரேஸ் ஓட்டுவதற்கு ஒரு கம்ப்யூட்டர்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் பட்டியல்தான். இரண்டு மாதம் சாப்பாட்டு இடைவேளை முழுவதும் அதற்கே போனது. இந்த பிராசசருக்கு எந்த மதர்போர்டு, அந்த மதர்போர்டுக்கு எந்த ரேம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினேன். "என்னைக் கட்டிக்கிறதுக்குக்கூட நீங்க இவ்வளவு யோசிக்கல" என்றாள் என் மனைவி. உண்மைதான். அதற்கு ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை.

என் வேலை லிஃப்ட் பரிசோதனை. அளவுக்கு மேல் எடையை ஏற்றி, மணி அடிக்கிறதா என்று பார்ப்பேன். அடித்தால் கதவு மூடாது, யாராவது இறங்கியாக வேண்டும். கடைசியாக ஏறியவர் இறங்குவதுதான் முறை. ஆனால் எல்லோரும் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பார்கள். கூச்ச சுபாவம் உள்ள யாராவது ஒருவர் இறங்கிவிடுவார்.

வீட்டில் மாமனார் இருந்தார், மனைவியின் அப்பா. முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவர். நுரையீரல் கெட்டுப்போய், பகலும் இரவும் ஆக்சிஜன் மெஷினோடு இருந்தார். மூக்கிலிருந்து போகும் குழாய் நீளமானது, என் அறை வாசல் வரை எட்டும். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய கம்ப்யூட்டரில் நான் ஓட்டுவதைப் பார்ப்பார்.

"வளைவுக்கு முன்னாடியே பிரேக் போடணும் மாப்ள. வளைவுக்குள்ள போய் போட்டா சாமிதான் காப்பாத்தணும்" என்பார். கையைத் தாழ்த்திக் காற்றை அமுக்கிக் காட்டுவார். பிரேக் என்று அர்த்தம். ஒருநாள் ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்தேன். கிளம்புவதற்கு முன்னால் இல்லாத கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டார். எனக்கு அவரை நிஜமாகவே பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்வெர்ட்டர் அவருக்காக வாங்கியது. கரண்ட் போனால் மெஷின் நிற்கக் கூடாதல்லவா. எண்ணூறு வாட் வரை தாங்கும். கடைக்காரர் நல்ல மனுஷர், அவராகவே கேட்டார்.

"இன்வெர்ட்டர்ல வேற என்ன சார் ஓடுது?"

"ஒரு மெஷின். முன்னூத்தம்பது வாட்."

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். "உங்க கம்ப்யூட்டர் ஐந்நூறு இழுக்கும். மொத்தம் ஐம்பது வாட் அதிகம், இன்வெர்ட்டர் அணைஞ்சிடும். ஒரு படி கீழ கிராபிக்ஸ் கார்டு போட்டுக்குங்க. நூத்தம்பது மிச்சமாகும், ரெண்டும் ஜம்முனு ஓடும்."

"என்ன வித்தியாசம் தெரியும்?"

"பெருசா ஒண்ணுமில்ல. மழை பெய்யறப்போ ரோட்டுல விளக்கு வெளிச்சம் மின்னுமே, அது கொஞ்சம் மங்கலா தெரியும்."

நான் பெரிய கார்டையே எடுத்தேன். வெளியே நடக்கும் சத்தம் காதுக்குள் வராத ஹெட்போனும் எடுத்தேன். பெட்டிகளைப் பிரித்தபோது மாமாவும் கூடவே உட்கார்ந்திருந்தார். "இதுல மழை நல்லா தெரியுமா மாப்ள?" என்று கேட்டார். தெரியும் என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை கரண்ட் இருக்காது என்று முன்னதாகவே அறிவித்திருந்தார்கள். ரேஸும் பத்து மணிக்கு. முகம் தெரியாத இருபது பேரோடு போட்டி. அதில் பாதிப் பேர் பள்ளிக்கூடம் போகிறவர்கள். மனைவிக்கு வேலை இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "கரண்ட் போனா அப்பாவைப் பாத்துக்குங்க. மெஷின் நின்னா கட்டில் பக்கத்துல சிலிண்டர் இருக்கு. குழாயை மாட்டித் திறந்துவிட்டா போதும்" என்றாள்.

"எல்லாம் கணக்குப் போட்டாச்சு, நீ போயிட்டு வா" என்றேன்.

பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மெஷினின் பிளக்கை உருவினேன். லிஃப்ட் முறைப்படி கடைசியாக ஏறிய கம்ப்யூட்டர்தான் இறங்க வேண்டும். ஆனால் அது புதிது.

"பத்து நிமிஷம் மெஷினை நிறுத்தறேன் மாமா."

"ஓட்டுங்க மாப்ள. சிலிண்டரை மட்டும் மாட்டிவிட்டுடுங்க. எனக்குக் குனிய முடியல."

"இதோ வர்றேன்."

பத்து நிமிஷம் என்றேனே தவிர, ரேஸ் நாற்பது நிமிஷம். அது எனக்குத் தெரியும். சிலிண்டர் மாட்ட இரண்டு நிமிஷம் போதும். ஆனால் திரையில் கார்கள் வரிசையாக வந்து நின்றுவிட்டன, ஒன்பதாவது இடம் எனக்கு. பிளக்கை உருவினால் மெஷின் கூவும். முதல் வளைவு வரை அது கேட்டது. அப்புறம் ஹெட்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டேன். நல்ல ஹெட்போன், சொன்னபடி வேலை செய்கிறது.

திரையில் மழை பிடித்துக்கொண்டது. கடைக்காரர் சொன்ன அந்த வெளிச்சம் ரோட்டில் அப்படியே மின்னியது. நான் ஆறாவது இடத்துக்கு வந்திருந்தேன். கண்ணாடிக் கேபினெட் என்றேனே, அதில் தூசி மட்டும் தெரிவதில்லை. பின்னால் அறை வாசலும் தெரியும். மாமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாய் திறந்திருந்தது. இன்னொரு கையைத் தாழ்த்தித் தாழ்த்தி என்னைப் பார்த்து ஆட்டினார். எதிரே ஒரு பெரிய வளைவு வந்துகொண்டிருந்தது. பிரேக் போடச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். போட்டேன். இரண்டு பேரைத் தாண்டினேன். அடுத்த தடவை கண்ணாடியைப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. படுத்துக்கொண்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அது ஒரு வகையில் சரிதான், தரையில் படுத்திருந்தார்.

மூன்றாவதாக வந்தேன். அதுதான் என் வாழ்நாள் சாதனை. முதலில் வந்தது ஒரு சிறுமி.

அப்புறம் கம்ப்யூட்டரை முறையாக அணைத்தேன். மெஷினின் பிளக்கை மறுபடி செருகினேன். மாமாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினேன். அதன் பிறகு மனைவிக்குப் போன் செய்து, இன்வெர்ட்டர் பழுதாகி நின்றுவிட்டது, நான் குளித்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். வேலைக்குப் போயிருக்கக் கூடாது, நான்தான் அப்பாவைக் கொன்றுவிட்டேன் என்று அவள் மூன்று நாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தேற்றினேன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

அந்தக் கணக்குத் தாளை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். கிராபிக்ஸ் கார்டு பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தேன். எல்லாம் என் கையெழுத்துதான். மேலே கம்ப்யூட்டர், ஐந்நூறு. அதற்குக் கீழே மாமா, முன்னூற்றைம்பது. அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு. தேதியும் போட்டிருக்கிறேன், அவர் சாவதற்கு மூன்று வாரம் முன்னால்.

நீங்கள் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. எண்ணூறுக்குள் வர வேண்டும் என்றுதான் அடித்தேன்.