சிவகௌரி வீட்டுக் கவ்வாத்து

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாராவது வீட்டுச் சாவியைத் தந்துவிட்டுப் போனால் நான் ஒரு நாளும் தவறுவதில்லை. லண்டன் குட்மேய்ஸில் எங்கள் தெருவுக்கே இது தெரியும். அதனால்தான் பக்கத்து வீட்டு ஸ்ரீஸ்கந்தராஜாவும் மனைவி சிவகௌரியும் ஒரு கல்யாணத்துக்காகப் பாரிசுக்குப் போனபோது சாவியை என்னிடம் தந்தார்கள். ஏழு நாளும் தண்ணீர் ஊற்றினேன். எங்கள் மலையகச் சங்கம் விளக்கம் கேட்டிருப்பது மற்றதைப் பற்றி என்பதால் அதையும் எழுதுகிறேன்.

அவர்களுடைய கண்ணாடி அறையில் பெரிய தொட்டியில் ஒரு தேயிலை நின்றது. என் மனைவி கத்தரின் விதை போட்டு முளைக்கவைத்துச் சிவகௌரிக்குக் கொடுத்தது. பன்னிரண்டு வருடத்தில் கூரையைத் தொட்டுவிட்டது. ஒக்டோபரில் வெள்ளையாகப் பூக்கும். கத்தரின் போன ஒக்டோபரில் இறந்தாள். முதலாம் ஆண்டு நினைவுக்குச் சங்க மண்டபத்தில் அவள் படத்துக்குப் பக்கத்தில் அந்த மரத்தைப் பூவோடு வைப்பதென்று முடிவாகியிருந்தது.

நானும் கத்தரினும் இலங்கை மலைநாட்டில் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். வெள்ளைக்காரத் துரை காட்டை அழித்து உண்டாக்கிய தோட்டம். நட்டது எங்கள் பாட்டன்மார். அவள் கொழுந்து பறித்தாள், நான் கவ்வாத்து வெட்டினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலையை அதன் பாட்டுக்கு விட்டால் மரமாகிவிடும். நான்கு வருடத்துக்கு ஒரு முறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். அதுதான் கவ்வாத்து. தேயிலை பூப்பது ஒரு குறை. பூத்த செடியைக் கண்டால் துரை கங்காணியைக் கூப்பிடுவார், கங்காணி என்னைக் கூப்பிடுவார்.

இந்தச் செடிக்கு மூன்று கவ்வாத்து தவறியிருந்தது. நினைவு நாளில் இருபது குடும்பம் வந்து பார்க்கும், எல்லாம் தோட்டத்துச் சனம். மூன்றாம் நாள் காலை, சிவகௌரியின் குசினியில் பாண் வெட்டும் கத்தியை எடுத்தேன்.

வெட்டியதும் பக்கத்தில் நின்ற கறிவேப்பிலை உயரமாகத் தெரிந்தது. நிரை என்றால் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதையும் வெட்டினேன். பிறகு பூத்திருந்த செவ்வரத்தை, காய்த்திருந்த தேசி. மூலையில் நின்றது பிளாஸ்டிக் செடி என்பது மூன்றாவது கொப்பில்தான் தெரிந்தது. நிரையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை. வெட்டிய கொப்புகளை விறகுக்கு ஆகுமென்று கட்டிப் பின்கதவடியில் அடுக்கினேன். அவர்கள் வீட்டில் மின்சார அடுப்பு.

பாரிசிலிருந்து வந்த ஸ்ரீஸ்கந்தராஜா கறிவேப்பிலையைப் பார்த்ததும் சூட்கேசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பத்துக் குளிர்காலம் அதற்குப் போர்வை போர்த்தி வளர்த்தவர்.

"அண்ணை, தண்ணி மட்டும்தானே ஊத்தச் சொன்னனாங்கள்."

ஊற்றினேன் என்றேன்.

சிவகௌரி தேயிலைக் கட்டையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். "அக்கா ஏன் இதை எனக்குத் தந்தவ தெரியுமோ? 'வீட்டில வச்சா இவரு வெட்டிப்புடுவாரு, இது ஒண்ணாச்சும் அது இஷ்டத்துக்கு வளரட்டும்' எண்டு சொல்லித்தான் தந்தவ."

நினைவு நாளில் கட்டையைத்தான் வைத்தோம். ஞானரட்ணம் மாத்திரம், அவர் பழைய கங்காணி, விரலால் தடவிப் பார்த்து வெட்டு சுத்தம் என்றார். மறுநாள் சங்கத்தின் கடிதம் வந்தது.

சிவகௌரி சொன்னது எனக்குப் புதிய செய்தி அல்ல. நினைவு நாளில் பேசுவதற்காக அவர் எழுதிய தாள் குசினி மேசையில் கிடந்தது. கத்தரின் சொன்னதெல்லாம் அதில் அப்படியே இருந்தது. இரண்டு முறை வாசித்தேன். பிறகுதான் கத்தியைத் தேடினேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செடியின் நன்மைக்காகவே வெட்டினேன். கத்தரினுக்கும் பிடித்திருக்கும். நாற்பத்தொரு வருடத்தில், வேண்டாம் என்று அவள் சொல்லி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.