எங்கள் பட்டறைச் சாமான் தானாக உடையாது

எனக்குக் கடல் பிடிக்காது. உடுமலைப்பேட்டையில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் அக்கரை கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

என் மகள் வர்ஷினி கடலாராய்ச்சிக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தபோது, அது என்ன வேலை என்று பொறுமையாகவே விசாரித்தேன். நடுக்கடலில் பெரிய மஞ்சள் மிதவை ஒன்றைக் கயிறு கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். அது காற்றையும் நீரோட்டத்தையும் அளக்குமாம். வருடா வருடம் போய் அதைத் தூக்கி, பாசி சுரண்டி, கருவிகளை மாற்றித் திரும்ப இறக்கிவிட்டு வர வேண்டும். எருமை குளிப்பாட்டுகிற வேலை. அதற்கு ஒரு முனைவர் பட்டம், ஒரு கப்பல்.

“மிதவை மேல வாரப்ப, அடியில நின்னு கயித்தப் புடிச்சு ஆடாம இறக்கறது எம்பட வேலைங்கப்பா,” என்பாள்.

“செரி அம்மணி. கப்பலையே நீதான் ஓட்டறேன்னு சொல்லு,” என்று சிரிப்பேன்.

எங்காவது பெண்பிள்ளையைப் பாரத்துக்கு அடியில் நிறுத்துவார்களா? ஏதோ அறையில் உட்கார்ந்து கணக்கெழுதுகிறாள், பெருமைக்குச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

கோபிசெட்டிபாளையத்தில் நல்ல இடம் வந்தது. வேண்டாம் என்றாள். கூட வேலை பார்க்கும் அஃபானைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். கோயமுத்தூர்ப் பையன்தான், படித்தவன், மரியாதை தெரிந்தவன். அவனை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் குலக்கோயிலில் முதல் மரியாதை எங்கள் குடும்பத்துக்கு. அதை வாங்க நிற்கும்போது பங்காளிகள் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு, இன்ஸ்பெக்டர். அதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

நான் கத்தவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அந்த வருடம் மிதவை தூக்கும் ஷேக்கிள்களுக்கு எங்கள் பட்டறைக்கு ஆர்டர் வந்தது. லாடம் போல வளைந்து, குறுக்கே ஆணி போட்ட இரும்பு வளையங்கள். எங்கப்பா செய்தது உடையாது என்று வர்ஷினிதான் அங்கே சொல்லியிருக்கிறாள். வாங்கிப்போக அஃபானே வந்தான்.

“ஏனுங்கய்யா, எத்தன வருசம் தாங்கும்ங்க?”

“நீ இருக்கற வரைக்கும் தாங்கும் தம்பி.”

“அப்ப எம்பட பேரனுக்கும் ஆகும்னு சொல்லுங்க!”

அதுவரை எனக்கு மனதில் சின்ன உறுத்தல் இருந்தது. பேரன் என்றானே, அதோடு போய்விட்டது.

கிரேன் கொக்கியில் மாட்டும் பெரிய ஷேக்கிளை மட்டும் நானே செய்திருந்தேன். எஃகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் இறுகும். பிறகு மிதமான சூட்டில் வைத்துப் பதம் இறக்க வேண்டும். இறக்காமல் விட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாக இழுத்தால் தாங்கவும் செய்யும். கப்பல் ஆடி ஒரு வெட்டு வெட்டினால் கண்ணாடி மாதிரிப் போய்விடும். கப்பல் தளத்துக்குப் பொறுப்பு அஃபான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அடியில் அவன்தானே நிற்பான். வேலையில் விபத்து, யார் குடும்பத்துக்கும் அவப்பெயர் இல்லை.

மிதவை விழுந்தபோது அஃபான் கிரேன் இயக்கும் இருக்கையில் இருந்தான். ஒரு கீறல் இல்லை.

வர்ஷினி பொய் சொல்லியிருக்கவில்லை. அடியில் நிற்பது அவள் வேலைதான்.

காரியங்கள் முறையாக நடந்தன. பங்காளிகள் அத்தனை பேரும் வந்து கைகூப்பினார்கள். அஃபான் வாசலோடு நின்றான். நான் உள்ளே கூப்பிடவில்லை. எல்லாம் ஒருவழியாக அடங்கியது.

போன வாரம் விசாரணை முடிவு செய்தித்தாளில் வந்தது. ஷேக்கிள் ‘தரக்குறைவான தயாரிப்பு’ என்று போட்டிருந்தார்கள். என் தாத்தா தொடங்கிய பட்டறை அது. பீளமேட்டில் ஒரு டீக்கடையில் அதைச் சத்தமாகப் படித்து எவனோ சிரித்தானாம்.

அதனால்தான் வந்தேன். எழுதிக்கொள்ளுங்கள். அதில் குறை ஒன்றும் கிடையாது. உடைய வேண்டும் என்று நான் செய்தேன், உடைந்தது. என் மகளைக் கொன்றது நான், பட்டறை இல்லை.

வர்ஷினி இருந்திருந்தால் அவளே என்னை இங்கே கூட்டி வந்திருப்பாள். குடும்பப் பெயர் என்றால் அவளுக்கும் உயிர்.