ஊறுகாய் கேட்டவர்கள்

காய்ச்சல் விட்ட டைபாய்டு நோயாளி முதலில் கேட்பது ஊறுகாய். நீங்கள் நாடி பார்ப்பீர்கள், சார்ட்டைப் பார்ப்பீர்கள். நான் நாக்கு என்ன கேட்கிறது என்று பார்ப்பேன். கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர் ஒரு காலையில் கண்ணைத் திறந்து, "சிஸ்டர், தொட்டுக்க ஊறுகா இருக்கா?" என்பார். கொடுக்க மாட்டேன், குடல் புண்ணாகியிருக்கும். ஆனால் ஆள் தேறிவிட்டார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

உட்காருங்கள், டாக்டர் முகுந்த். எனக்கும் கால் கடுக்கிறது, நானும் உட்கார்ந்துகொள்கிறேன். சாந்தகுமாரிக்கு என்ன ஆனது என்றுதானே கேட்டீர்கள். சொல்கிறேன். மறைத்து வைக்கவும் தெம்பு வேண்டுமே.

நீங்கள் சென்னையிலிருந்து போன வருஷம் வந்தவர். நான் இந்த ஊரிலேயே, கிர்க்கியில் பிறந்தவள், அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஏரவாடாவில் இந்த தர்ம ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டைபாய்டுக்குப் பழைய காப்ஸ்யூலே போதும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது கேட்காமல் போனது. பிறகு வந்த மாத்திரையும் மெல்ல மெல்லப் பிசகியது. மிஞ்சியது இந்த ஊசி மருந்துதான். அதை ஆஸ்பத்திரியில் தர மாட்டார்கள், வீட்டுக்காரர்கள் கேம்ப் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வர வேண்டும். மராட்டிக்காரர்கள் குப்பிகளைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு வேளைக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார்கள். நம் ஜனங்கள் அப்படியில்லை. மொத்தமாக வாங்கி வந்து என் கையில் திணித்துவிட்டு, "ஸ்டெல்லா சிஸ்டர் பாத்துக்குவாங்க" என்று வேலைக்குப் போய்விடுவார்கள். இந்தியிலேயே நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவர்களுக்குத் தமிழ் பேசுகிற ஒரு நர்ஸ் கிடைத்தால் சாமி கிடைத்த மாதிரி. குப்பிகளை என் அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பேன்.

முதலில் செய்தது அருணாச்சலத்துக்கு. லாரி ஷெட்டில் வேலை பார்த்தவர். காய்ச்சல் விட்டது, ஊறுகாய் கேட்டார். டப்பாவில் அவருடைய குப்பிகள் பாதி மிச்சம். பக்கத்துக் கட்டிலில் யாருமற்ற ஒருவர் ஜன்னி கண்டு பிதற்றிக்கொண்டிருந்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பாள் என் அம்மா. தேறினவர் உடம்பில் மருந்தைக் கொட்டுவது எனக்கு ஆற்றில் போடுவதாகவே பட்டது. எடுத்துப் போட்டேன், யாருமற்றவர் பிழைத்தார்.

முழு கோர்ஸும் போட வேண்டும் என்று எனக்கும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். நடத்தியவர்கள் அந்த இரண்டு கட்டிலுக்கு நடுவில் நின்றவர்கள் இல்லை.

ஊசியை நிறுத்தியதும் அருணாச்சலத்தின் மனைவி சண்டைக்கு வந்தாள். வாங்கிக் கொடுத்த ஊசி ஏன் போடவில்லை என்றாள். நியாயம்தான். அன்றிலிருந்து மருந்தைக் கரைக்கிற வெறும் தண்ணீரை மட்டும் ஏற்றினேன். சுத்தமான தண்ணீர், ஒரு கெடுதலும் இல்லை. எல்லோருக்கும் திருப்தி.

சிலர் மாசம் திரும்புவதற்குள் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். அருணாச்சலமும் வந்தார். கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்றார்கள் உங்களுக்கு முன்னால் இருந்த டாக்டர்கள். கிருமி வாயில்லாப் பூச்சி, எவ்வளவு பழி போட்டாலும் தாங்கும். பாதி மருந்தில் தப்பியது சிலர் உடம்பில் நிஜமாகவே பழகியும் போனது. அருணாச்சலத்துக்கு இரண்டாம் முறை முழுசாகப் போட்டும் கேட்கவில்லை. அவருக்காக ஜெபம் செய்தேன். உண்மையில் துக்கமாகத்தான் இருந்தது.

சாந்தகுமாரி விமான் நகர் ஓட்டலில் அறை பெருக்கும் பெண். அப்பா சுப்பையா மூட்டை தூக்குகிறவர், திருநெல்வேலிப் பக்கம். நல்ல பெண், ஊசி குத்தும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும். காய்ச்சல் இறங்கிய காலையில் எலுமிச்சை ஊறுகாய் கேட்டது. அடுத்த கட்டிலில் அந்தோணியம்மாள், வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கும் விதவை, பார்க்க ஒரு நாதியில்லை. பெண்ணின் குப்பிகளை அவளுக்குத் திருப்பினேன். பெண்ணுக்குத் தண்ணீர்.

சுப்பையாவின் கண் மட்டும் கூர்மை. "சிஸ்டரம்மா, நேத்து ஊசித் தவாய் மஞ்சளா இருந்துச்சு. இன்னைக்கு வெள்ளத் தண்ணியாட்டம் இருக்கே?" என்றார்.

"புது கம்பெனி, அண்ணாச்சி."

"அப்படியா. நீங்க சொன்னா சரிதான்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுபடி காய்ச்சல் ஏறியது. அப்போது என்ன செய்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். டப்பா காலி, டாக்டர். அவளுடைய மருந்து அந்தோணியம்மாளின் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் வாங்கி வாருங்கள் என்றால் வாங்கியது எங்கே என்று சுப்பையா கேட்பார். அதனால் தண்ணீரையே தொடர்ந்தேன். வேளை தவறாமல் போட்டேன், ஒரு வேளைகூடத் தப்பவில்லை. நீங்கள் தினமும் வந்து பார்த்துவிட்டு, மருந்து கேட்கவில்லையே என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டீர்கள். ஆமாம் டாக்டர், கேட்கவில்லை என்றேன். வயிறு பலகையாக இறுகிய அன்று என் முந்தானையைப் பிடிக்கவும் அவள் கையில் பலமில்லை. குடல் ஓட்டையாகியிருந்தது. அறுவை மேசைவரை போனாள், திரும்பி வார்டுக்கு வரவில்லை.

பரிசோதனைச் சாலையிலிருந்து தாள் வந்திராவிட்டால் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டீர்கள். கண்ணாடித் தட்டில் அவள் கிருமி அந்த மருந்துக்குச் செத்துப்போகிறது, உடம்பில் ஏன் சாகவில்லை என்று கேட்டீர்கள். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். உடம்பில் அந்த மருந்து இல்லை, டாக்டர். நான்தான் போடவில்லை.

கொலைகாரி என்று நினைக்கிறீர்கள், முகத்தில் தெரிகிறது. எனக்குக் கோபமில்லை, அசதிதான். அந்தோணியம்மாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள். அதை ஏன் யாரும் கேட்பதில்லை?

நேற்று சுப்பையா வந்திருந்தார். ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தார். "புள்ள கேட்டுச்சு, நீங்க வேண்டாம்னீங்களேன்னு குடுக்கல. இங்க யாருக்காச்சும் குணமானா குடுங்க, சிஸ்டரம்மா. என் மவள நீங்கதான் கடைசி வர பாத்துக்கிட்டீங்க" என்று என் கையைப் பிடித்து அழுதார். நானும் அழுதேன். நல்ல மனுஷர்.

அந்த பாட்டில் அலமாரியில்தான் இருக்கிறது, டப்பாவுக்குப் பக்கத்தில். சாவி இதோ. போலீசுக்குச் சொல்லுங்கள், நான் எங்கும் போகவில்லை. டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். வாசலோரக் கட்டிலில் லூர்துசாமி என்று ஒருவர் நெருப்பாய்க் கொதிக்கிறார், அவருக்கு வாங்கித் தர ஆளில்லை. ஜன்னலோரம் பரமசிவம் இன்று காலை ஊறுகாய் கேட்டுவிட்டார். அவருக்கு இனிமேல் தண்ணீரே போதும்.