தந்தை பெயர் இல்லாத நூல்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் அதிபரும் அறக்கட்டளைத் தலைவருமான சண்முகவேல் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அவர்தம் துணைவியார் சுப்பம்மாள் அவர்களே, எருமப்பட்டியிலிருந்தும் ராசிபுரத்திலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பிள்ளை உறங்கச் செவி கொடுத்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

பழைய வேதாந்த நூல் ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தந்திருக்கிறேன். அது சொல்வதெல்லாம் மெய்யென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆன்மா உண்டா? அறியேன். அழிவற்றது எது? அறியேன். ஆனால் அதில் வரும் ஒரு தாயை அறிவேன்.

குருவிடம் கல்வி கேட்கப் புறப்படும் மகன், தன் தந்தை யாரென்று அவளைக் கேட்கிறான். குரு கேட்பாரே! நம் ஊரிலும் முதல் கேள்வி அதுதானே? "யாரூட்டுப் பையன் நீ?" சிரிக்கிறீர்கள். கேட்டதே இல்லை என்பவர் கையை உயர்த்துங்கள். ஒரு கைகூடக் காணோம்.

பல வீடுகளில் ஊழியம் செய்த அந்தத் தாய், தெரியாது என்றாள். மகன் அதை அப்படியே குருவிடம் சொன்னான். மெய் சொன்னவனைக் குரு ஏற்றுக்கொண்டார்.

அச்சுக்குப் போகுமுன், அறக்கட்டளை சார்பில் அச்சுச் செலவை ஏற்றிருந்த தலைவர் வீட்டில் இந்தக் கதையைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். தலைவர் இடைமறித்தார்.

"ஏனுங்க டீச்சர், அப்பன் செத்துப்போயிட்டான்னு போட்டுருங்க. அமெரிக்காவுல இருக்குற எம்பட பேரப்புள்ளைங்க இதப் படிக்குமுங்க."

மாட்டேன் என்றேன். அப்படியானால் அச்சும் இல்லை என்றார். என் பல்லாண்டு உழைப்பு அந்த ஒற்றை வரியில் தொங்கியது.

காப்பித் தட்டோடு வந்த சுப்பம்மாள் அவர்கள் கணவரிடம் கேட்டார்: "அந்தப் பொம்பள பொய் சொல்லியிருக்கலாமுங்க. சொல்லல. அவளுக்காக நாம எதுக்குங்க பொய் சொல்லோணும்?"

தலைவர் பாதி இறங்கிவந்தார். அச்சிடுங்கள், அறக்கட்டளையின் பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

அவையோரே! அயலார் படிக்கிறார்கள் என்பதற்காக எதை மறைப்பது? வறுமையையா? வழுவையா? ஒரு தாயின் வாய்மையையா? பெருமையை மட்டும் எடுத்துச் சொன்னால் அது மொழிபெயர்ப்பா, கல்யாணத் தரகர் பேச்சா? பெற்றவள் மறைக்காததை மறைக்க எனக்கு உரிமை இல்லை. தலைவரே, வருத்தம் வேண்டாம், அந்த உரிமை உங்களுக்கும் இல்லை.

முதற்படியைச் சுப்பம்மாள் அவர்களின் கையில் தருகிறேன். அட்டையைப் பாருங்கள். ஆதரித்தவர் பெயர் அங்கே இல்லை. அந்தப் பிள்ளையைப் போலவே இந்த நூலும் தந்தை பெயர் சொல்லாமல் உங்கள் வாசலில் வந்து நிற்கிறது.

யாரூட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. வணக்கம்.