வழக்குச் சொத்தான மரப்பாலம்

என் பெயர் குழந்தைவேலு. தகப்பனார் பெயர் வைரப்பன், காலமாகிவிட்டார். வயது முப்பத்தொன்பது. சொந்த ஊர் தஞ்சாவூர் ஜில்லா வேதாரண்யம். தொழில், பேம்பூஃபிளாட் குடியேற்றத் தொழிற்பயிற்சிக் கூடத்தில் தச்சுப் பிரிவு இன்ஸ்ட்ரக்டர். போர்ட் பிளேர் மின்னி பேயில் அரசு ஊழியர் குடியிருப்பில் மனைவி ஜெயமணியுடன் வசிக்கிறேன். 1969ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம், இன்று பிற்பகல், போலீஸ் ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் முன்னிலையில், ஹெட் கான்ஸ்டபிள் சண்முகம் எழுத, நான் சொல்வதாவது:

முதலில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் ஹிந்தியில் எழுதிய ஒரு தாளை நீட்டி, கீழே கையெழுத்துப் போடச் சொன்னார். மீன் வாங்குகிற அளவுக்கு எனக்கு ஹிந்தி தெரியும், திருடன் ஆகிற அளவுக்குத் தெரியாது என்று சொல்லி மறுத்தேன். அதன் பிறகு அவர் தமிழ் எழுதத் தெரிந்த சண்முகத்தை வரவழைத்தார். நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் அழகுபடுத்தக் கூடாது என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன்.

வனத்துறை முத்திரை விழுந்த மரங்களைத் திருடி, என்னிடம் பயிலும் ஆட்களைக் கொண்டு நாலா என்கிற ஓடையின் மேல் பாலம் கட்டினேன் என்பது என் மீதுள்ள புகார். மரத்தை எடுத்தது உண்மை. பாலம் கட்டியது உண்மை. திருடினேன் என்பது பொய். தச்சுப் பிரிவின் பரீட்சையை நடத்தும் தேர்வாளர் அடுத்த கப்பலில் மெட்ராஸிலிருந்து வருகிறார். அவர் கண்ணால் பார்க்கும்வரை அந்தப் பாலம் நின்றாக வேண்டும். அதற்கு முன் பிரித்துவிட்டால் என் பிரிவில் ஒருவருக்கும் சர்டிபிகேட் கிடையாது, சர்டிபிகேட் இல்லாவிட்டால் அரசாங்க வேலையும் கிடையாது. இதையே முதலில் எழுதுங்கள் என்றேன். "வரிசையாச் சொல்லுங்க மாஸ்டர், என் கைக்கும் மூச்சு வேணும்ல" என்று சண்முகம் சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் தச்சர் குலத்தில் பிறந்தவன் அல்ல. என் தகப்பனார் உப்பளத்தில் கூலி. என் கையில் உளியைக் கொடுத்தது சர்க்கார். மெட்ராஸில் அரசாங்கச் செலவில் இரண்டு வருடம் சாப்பாடு போட்டு, தொழில் கற்றுக்கொடுத்து, பரீட்சை வைத்து, சர்டிபிகேட்டும் கொடுத்தார்கள். அந்தக் காகிதம் இன்றும் என் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஆகையால் சர்க்கார் சொத்து என்றால் என்னவென்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நானே ஒரு சர்க்கார் சொத்துதான்.

மூன்று வருடம் முன்பு இங்கே வேலைக்கு வந்தேன். குடியேறிய குடும்பங்களிலும் பழைய தீவுக் குடும்பங்களிலும் வளர்ந்த ஆட்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்துத் தொழில் கற்பிப்பதுதான் எங்கள் கூடத்தின் திட்டம். அதில் தச்சுப் பிரிவுக்கு மேலிடத்தில் அனுமதித்தது தேக்குப் பலகை. அது மெட்ராஸிலிருந்து கப்பலில் வர வேண்டும். சுற்றிலும் காடு, எதிரே சாத்தம் தீவில் மரம் அறுக்கும் மில், இருந்தாலும் எங்களுக்கு மரம் கடல் தாண்டித்தான் வர வேண்டும் என்பது விதி. அதன் பிறகு கப்பல் வந்தது, உளிகள் வந்தன, உளிகளுக்குக் கைப்பிடி வரவில்லை, பலகையும் வரவில்லை. வேறொருவராக இருந்தால் பிரிவைப் பூட்டிவிட்டு ரிப்போர்ட் எழுதியிருப்பார். நான் ஆட்களைக் கொண்டு விறகுக் கட்டையில் கைப்பிடி செதுக்கச் சொன்னேன், அதுதான் அவர்களுடைய முதல் பாடம். அதன் பிறகு உளிகள் வந்த பெட்டிகளையே பிரித்து, அந்தப் பலகையில் பொருத்துகள் போடச் சொல்லிக்கொடுத்தேன்.

அடுத்த தொல்லை நாலா. குடியேறியவர்கள் வசிக்கும் காலனிக்கும் எங்கள் கூடத்துக்கும் நடுவே கடல்நீர் ஏறி இறங்கும் ஓடை ஒன்று இருக்கிறது. ஏற்றத்தின்போது மார்பளவு தண்ணீர், முதலையும் உண்டு. என் ஆட்களில் பாதிப்பேர் அக்கரைக்காரர்கள். மணி அடித்த பிறகு வந்தால் ஆப்சென்ட் போட வேண்டும், ஆப்சென்ட் கூடினால் பரீட்சை எழுத முடியாது என்பது விதி. கடலுக்கு எங்கள் மணி தெரியுமா? தண்ணீர் வடியும்வரை அவர்கள் அக்கரையில் உட்கார்ந்திருப்பதை நான் இக்கரையிலிருந்து பார்த்துக்கொண்டே ஆப்சென்ட் போட்டேன். அப்படிப் போட்ட ஒவ்வொரு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சையில் ஒரு பகுதிக்கு, ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஜனங்களுக்கு உபயோகமான ஒரு மரவேலை செய்து, அதைத் தேர்வாளர் முன் நிறுத்திக் காட்ட வேண்டும். மற்ற ஊர்களில் பெஞ்சு செய்வார்கள், அலமாரி செய்வார்கள். நாலாவின் மேல் பாலம் போடுவோம் என்று சொன்னவர் என் பிரிவில் பயிலும் கண்ணையா. அவர் தீவிலேயே பிறந்தவர், வயது முப்பதை ஒட்டும், முன்பு மரமில்லுக்குத் தெப்பம் கட்டி மரம் இழுக்கும் வேலையில் இருந்தவர். மரம் எங்கே என்று கேட்டேன். "சமுந்தர் கொடுக்கும் மாஸ்டர்ஜி" என்றார். கடலைத்தான் அப்படிச் சொன்னார்.

மழைக்காலத்தில் தெப்பம் அறுந்தால் மரங்கள் கரை ஒதுங்கும். ஒதுங்கிய மரத்தை அலை தொடாத இடத்துக்கு இழுத்துப் போட்டு, சிவப்புத் துணி கட்டிவிட்டு, ஒரு பௌர்ணமியிலிருந்து மறு பௌர்ணமிவரை காத்திருப்பது காலனியில் வழக்கம். அதற்குள் யாரும் கேட்டு வராவிட்டால் இழுத்தவருக்கே மரம் சொந்தம். "கடல் தள்ளுனது கரைக்காரனுக்கு" என்பார்கள். படாக் என்கிற இந்தத் தீவின் கெட்டி மரம் மூன்றை அவ்விதம் இழுத்து, துணி கட்டிக் காத்திருந்தோம். ஜெயமணியின் பழைய சேலையைக் கிழித்துத்தான் துணி கட்டினேன், அதற்காக வீட்டில் தனி விசாரணை நடந்தது. நடுவில் ஒரு நாள் வன அதிகாரியின் ஆபீசுக்கும் போனேன். "சாஹிப் கேம்ப்", அதாவது அதிகாரி சுற்றுப்பயணத்தில் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். யாரும் கேட்டு வரவில்லை. ஒதுங்கிய மரமும் வனத்துறைக்கே சேரும் என்று சட்டம் சொல்வதாக இன்றுதான் கேட்டேன். காலனி வழக்கத்தைச் சட்டம் என்று நம்பியது என் பிசகு. அதை ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தின் முனையில் வனத்துறையின் சுத்தியல் முத்திரை இருந்தது. அதன் மேல் ஒருவரும் வாய்ச்சி வைக்கக் கூடாது என்று சொல்லி, முத்திரை விழுந்த முனை பாதையில் ஏறுகிறவர் கண்ணில் படும்படி வைத்துத்தான் உத்திரம் போட்டோம். திருடுகிறவன் முதலில் இழைத்து எடுப்பது அந்த முத்திரையைத்தான். இதைக் கோடிட்டு எழுதும்படி சண்முகத்திடம் கேட்டேன். கோடிடும் வழக்கம் இல்லை என்றார்.

அதன் பிறகு தண்ணீர் வடிந்த நேரமெல்லாம் வேலை நடந்தது. தூண் நட்டோம், உத்திரம் ஏற்றினோம், குறுக்கே பலகை அடித்தோம், இருபுறமும் கைப்பிடி வைத்தோம். பெட்டிப் பலகையில் பழகிய அதே பொருத்துகள்தாம், அளவுதான் பெரிது. ஒரு பொருத்தில் காகிதம் நுழைந்தால்கூட அவிழ்த்துத் திரும்பப் போடச் சொன்னேன். கோவிந்தராஜ் என்பவர் ஒரே பொருத்தை நான்கு முறை போட்டுவிட்டு, "பரீட்சையே தேவலை மாஸ்டர்" என்று அழாத குறையாகச் சொன்னார். ஐந்தாம் முறை போட்டதை இன்று நீங்கள் கோடாலி முனையால் நெம்பினாலும் பிரிக்க முடியாது.

பாலம் முடிந்த மறுநாள் நல்ல ஏற்றம். மணி அடிக்கும் முன்பே என் ஆட்கள் எல்லோரும் உலர்ந்த வேட்டியோடு வகுப்பில் நின்றார்கள். ஒருவர் விடாமல் பிரசென்ட் போட்டேன். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சட்டப்படி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, இருந்தாலும் எழுதிக்கொள்ளவும். அதன் பிறகு காய்கறிக் கூடையோடு பெண்கள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள், சாத்தம் படகைப் பிடிக்க ஓடுகிறவர்கள் எல்லோரும் வந்தார்கள். புகார் கொடுத்த வனக் காவலரும் தினமும் அதே பாலத்தில்தான் வீட்டுக்குப் போய் வந்தார். மழையில் வழுக்கி விழுந்து, எழுந்திருக்கக் கை ஊன்றியபோதுதான் முத்திரையைக் கவனித்தாராம்.

இன்று காலை வன அதிகாரி ஒரு யானையையும் பாகனையும் சங்கிலியையும் கொண்டுவந்து, பாலத்தைப் பிரித்து மரத்தை இழுத்துப் போகப் போவதாகச் சொன்னார். காலனி ஜனங்கள் இரு கரையிலும் கூடிவிட்டார்கள். நான் குறுக்கே நின்றேன். சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் வந்து, திருட்டு வழக்கு என்றால் முதலில் அளந்து, எழுதி, கைப்பற்ற வேண்டும் என்றார். அதன் பிறகு அவரும், வன அதிகாரியும், வனக் காவலரும், கான்ஸ்டபிள்களும், சாட்சிகளும் டேப்பைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் நடுவில் நின்றார்கள். எல்லோரும் நல்ல ஆகிருதி உள்ளவர்கள். நான் கீழே சேற்றில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். ஒரு பொருத்தும் வாய் திறக்கவில்லை, ஒரு பலகையும் முனகவில்லை. என் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் அதுவும் ஒன்று.

அதன் பிறகு நான் மேலே ஏறி வந்து, "இப்போது இது யாருடையது?" என்று கேட்டேன். இனி இது வழக்குச் சொத்து என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அப்படியானால் யார் பிரிக்கலாம் என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, "கோர்ட் உத்தரவு இல்லாமல் யாரும் ஒரு ஆணிகூடப் பிடுங்கக் கூடாது" என்றார். வன அதிகாரி, "அரே, யே க்யா தமாஷா ஹை?" என்று, இது என்ன வேடிக்கை என்று சத்தம் போட்டார். யானையைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

தூக்கிப்போக முடியாத சொத்து என்பதால், கோர்ட் கேட்கும்போது பழுதில்லாமல் காட்டுகிறேன் என்று ஒருவர் எழுதிக்கொடுத்துப் பொறுப்பேற்க வேண்டும் என்றார்கள். நான் குற்றம் சாட்டப்பட்டவன், ஆகையால் கையெழுத்துப் போடக் கூடாது. கூட்டத்தில் பலரும் தயங்கினார்கள். கண்ணையா முன்னால் வந்தார். அவருடைய தாத்தா கைதியாகக் கப்பலில் வந்தவர். "எங்க தாத்தாவுக்கு அப்புறம் போலீஸ் காகஜ்ல எங்க வீட்டுப் பேர் ஏறினதே இல்ல. நான் ஏத்துறேன் மாஸ்டர்ஜி. இது நான் கட்டின புல்" என்றார். புல் என்று அவர் ஹிந்தியில் சொன்னது பாலத்தை, காகஜ் என்றது காகிதத்தை. அவர் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கண் கலங்கியது, கைக்குட்டை சேறாக இருந்ததால் துடைக்க முடியவில்லை.

அதன் பிறகு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் என்னைத் தனியே அழைத்து, ஆட்கள் மரத்தைக் கொண்டுவந்தார்கள், அது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் என் வேலைக்கு ஆபத்து வராது என்று நல்ல எண்ணத்துடன் சொன்னார். அவருக்கு நன்றி. ஆனால் எனக்குத் தெரியும். மரத்தை எடுக்கச் சொன்னவன் நான், அளவு சொன்னவன் நான், துணி கட்டியவனும் நான். என் பிரிவில் பயில்கிறவர்கள் மாஸ்டர் சொன்னதைச் செய்தார்கள், அவ்வளவுதான். வழக்கில் அவர்கள் யாருடைய பெயரையும் சேர்க்கக் கூடாது. சேர்க்க வேண்டுமானால் பாலத்தைக் கட்டியவர்கள் என்று சேர்க்கவும்.

வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்கப்பட்டதற்கு என் பதில்: கைப்பற்றிய பொருள் என்ற இடத்தில் "மரக்கட்டைகள்" என்று எழுதியிருந்ததைப் "பாலம்" என்று திருத்தச் சொன்னேன், திருத்திவிட்டார்கள். தேர்வாளர் வரும் அன்று அவரோடு நாலாவுக்குப் போய்வர எனக்கு அனுமதி வேண்டும், காவலுக்கு எத்தனை கான்ஸ்டபிள் வந்தாலும் சரி. சொத்தைப் பார்க்க வேண்டும் என்று கோர்ட்டார் விரும்பினால், அதை அங்கே தூக்கி வர முடியாது, அவர்கள்தாம் நடந்து வர வேண்டும். வரட்டும். எல்லோரும் சேர்ந்தே நடுவில் நிற்கலாம். தாங்கும்.

மேலே உள்ளதை ஹெட் கான்ஸ்டபிள் சண்முகம் எனக்குப் படித்துக் காட்டினார், அத்தனையும் நான் சொன்னது, சொன்னது அத்தனையும் நிஜம், யாரும் பயமுறுத்தியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை என்று அறிந்து, என் சுய நினைவோடு தமிழில் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) வை. குழந்தைவேலு
தச்சுப் பிரிவு இன்ஸ்ட்ரக்டர்